இரவு பெக்கப் ஓடும்போது ஓர்டர் தொங்குகிறது, என்ன செய்யலாம்?

கெய்சர்வீதி:
வணக்கம். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8.0, டேட்டா 90 ஜிபி. இரவு 1 மணிக்கு பெக்கப்புக்காக மைஎஸ்க்யூஎல்டம்ப் (எல்லா டேட்டாவையும் வாசித்து ஃபைலாக எழுதும் டூல்) ஓடும். இப்போது ஒன்லைன் ஓர்டர் இரவிலும் வருகிறது. டம்ப் முடியும்வரை ஒன்றும் பதிவாகாது. நேற்று இரண்டு மணித்தியாலம். முதலாளி காலையிலேயே பிடித்துக்கொண்டார். பேசாமல், ஓடும்போதே டேட்டா ஃபோல்டரைக் கொப்பி பண்ணினால் என்ன?

தெஹிவளையான்:
அதை மட்டும் செய்யாதீர்கள் தம்பி. ஒரு ஃபைல் 1.05க்கு இருந்த நிலையில் வரும், அடுத்தது 1.20க்கு இருந்த நிலையில். ஒன்றோடொன்று பொருந்தாது. டம்ப்புக்கு என்ன ஒப்ஷன் கொடுத்திருக்கிறீர்கள்?

கெய்சர்வீதி:
யூசர், பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் பெயர். அவ்வளவுதான் அண்ணா.

தெஹிவளையான்:
அதுதான் விஷயம். சும்மா விட்டால் அது டேபிள்களை லொக் பண்ணிவிட்டுத்தான் (யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு) எடுக்கும். ‘சிங்கிள் ட்ரான்ஸாக்‌ஷன்’ ஒப்ஷனைச் சேருங்கள். தொடங்கிய கணத்தில் டேட்டா எப்படி இருந்ததோ அதையே கடைசிவரை வாசிக்கும், ஓர்டர் தன்பாட்டில் விழும். இது இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல் டேட்டாவைச் சேமிக்கும் ஒரு முறை) டேபிளுக்குத்தான் சரிவரும். பழைய முறையான மைஐசாமில் டேபிள் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். டம்ப் ஓடும்போது ஆல்டர் டேபிளும் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) வேண்டாம்.

வெள்ளவத்தைஅக்கா:
எடுப்பது இருக்கட்டும், அந்த டம்ப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா? 90 ஜிபியை வரிவரியாக ஏற்றி இண்டெக்ஸையும் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) கட்டி முடிப்பதற்குள் கடை திறக்கிற நேரம் தாண்டிவிடும். நான் என்றால் பெர்கோனா எக்ஸ்ட்ராபெக்கப்தான் (இன்னொரு பெக்கப் டூல், உங்களுக்கு 8.0 வெர்ஷன்). ஃபைல்களைத்தான் கொப்பி பண்ணும். ஆனால் கூடவே ரீடூ லொக்கையும் (நடக்கும் மாற்றங்களின் பதிவு) தொடர்ந்து எடுத்துவைக்கும். பிறகு ‘பிரிப்பேர்’ பண்ணும்போது அதைப் போட்டு எல்லா ஃபைலையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவரும். ஞாயிறு முழுசாக, மற்ற நாட்களில் மாறியதை மட்டும் எடுக்கலாம்.

பகல் 3 மணிக்கு யாராவது ஒரு டேபிளை அழித்தால் இரவு பெக்கப் மட்டும் போதாது, பின்லொக் (பெக்கப்புக்குப் பிறகு நடந்த மாற்றங்களைத் திரும்பப் போட உதவும் பதிவு) வேண்டும். 8.0இல் அது தானாகவே ஓனில் இருக்கும், 30 நாள் வைத்திருக்கும். அதையும் வேறு மெஷினுக்கு அனுப்புங்கள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

கெய்சர்வீதி:
அக்கா, அண்ணா, பார்த்தேன். ஒரே ஒரு மைஐசாம் டேபிள், அதுவும் ஸ்டொக்! எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. இன்னோடிபிக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ட்ராபெக்கப் ஓடவிட்டேன். 1.10க்கு வந்த ஓர்டர் உடனே விழுந்தது.

ஸ்டோரில் கிடந்த பழைய கம்பியூட்டரில் ரெஸ்டோர் பண்ணினேன். மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகவே இல்லை.

வெள்ளவத்தைஅக்கா:
பிரிப்பேர் பண்ணினீர்களா?

கெய்சர்வீதி:
இல்லை அக்கா 🙈 இப்போது பண்ணியாயிற்று. கடைசி பில் நம்பர் வரைக்கும் சரியாக இருக்கிறது.