மேற்கு பார்த்த சிறிய பால்கனியில் உட்காரத்தக்க தோட்டம் அமைப்பது எப்படி?

கேள்வி: பொங்கோல்வாசி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், இருவர் நெருங்கி உட்காரும் அளவுக்கு ஒரு பால்கனி இருக்கிறது. அது மேற்கு பார்த்திருப்பதால், ஏழு மணியளவில் சூரியன் மறையும்வரை வெயில் உள்ளே விழுகிறது. என் மாமியார் மாலையில் அமர்ந்து பூத்தொடுப்பதற்கு, மல்லிகையும் துளசியும் சூழ்ந்த இடமாக அதை மாற்ற விரும்புகிறேன். எந்தச் செடிகள் தாங்கும், இடம் போதாவிட்டால் சில தொட்டிகளை வீட்டுக்கு வெளியேயுள்ள பொதுத் தாழ்வாரத்தில் வைக்கலாமா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: ஈசூன் மாடித்தோட்டம்

வணக்கம் சகோதரி. செடி வாங்கும் முன்பே நாற்காலியை வாங்கிப் போட்டுவிடுங்கள். உங்கள் மாமியார் கால் நீட்டி அமர்வதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அதைக் குறித்துக்கொண்டு, எஞ்சியதை மட்டும் தொட்டிகளுக்கு ஒதுக்குங்கள். நம்மவர் பால்கனிகள் பலவற்றில் ஆள் நுழையவே வழியில்லாமல் போவதற்கு இந்த வரிசை மாறுவதே காரணம்.

மேற்கு வெயில் மல்லிகைக்கு மிகவும் உகந்தது. நாள்தோறும் நான்கைந்து மணி நேர நேரடி வெயில் கிடைக்காவிட்டால் அதில் இலை செழிக்குமே தவிர மொட்டு வராது. புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு கட்டும் என்பதால், ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கிளைகளைச் சற்றுக் கத்தரித்துவிட வேண்டும். மல்லிகை, துளசி, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கம்பித்தடுப்பை ஒட்டி உட்புறமாக வைத்தால், அவற்றின் நிழலே நாற்காலிக்குத் திரையாகிவிடும். அந்த நிழலில் வெற்றிலைக் கொடியும் வாசனை இலைச்செடியான பாண்டானும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மண்தொட்டி பார்வைக்கு அழகுதான் என்றாலும், மேல்மாடிக் காற்றில் விரைவில் காய்ந்துவிடும், கனமும் அதிகம். எனவே பிளாஸ்டிக் தொட்டியில் தேங்காய் நார்த்தூள் கலந்த மண்ணைப் போடுங்கள். கறிவேப்பிலையின் இலையடியில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது திருப்பிப் பாருங்கள்; கண்டவுடன் ஈரத்துணியால் துடைத்தால் பரவாது.

பதில்: தோ பாயோ பெரியவர்

தாழ்வாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவசர வேளையில் வெளியேறுவதற்காகக் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையற்ற வழி இருக்க வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. உங்கள் தாழ்வாரம் அதற்கு மேல் அகலமாக இருந்தாலும், நகர மன்றத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கைப்பிடிச் சுவரின்மேல் எந்தத் தொட்டியையும் வைக்கவே வேண்டாம். கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு?

பதில்: ஈசூன் மாடித்தோட்டம்

ஐயா சொன்னதோடு கொசுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தேங்கும் நீரை ஒருநாள் விட்டு ஒருநாளாவது கொட்டுவது பலருக்கும் தெரியும். ஆனால் மேல்மண் இறுகிவிட்டால் அதன்மேல் நிற்கும் நீரிலும் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதைக் கவனிப்பவர் குறைவு. ஆண்டிறுதி மழைக்காலத்தில், சாரல் படும் தொட்டிகளின் மண்ணைக் கிளறிவிடுங்கள்.

பதில்: புக்கிட் பாத்தோக் அக்கா

தொட்டிகள் பெருகினால் தாழ்வாரத்துக்குப் போகாமல், உங்கள் வட்டாரத்தில் சமூகத் தோட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2005ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் இதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கத்தரி, வெண்டையை அங்கே நட்டுவிட்டால் பால்கனியில் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். மாமியாருக்குப் பேச்சுத்துணையும் அமையும்.