எம்ஜிபி ஜிடி 1972: ரோவர் வி8 ஏற்றுமுன் எதை முதலில் முடிக்க வேண்டும்?

பழையவண்டி72

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறேன். வண்டி 1972 எம்ஜிபி ஜிடி (கூரையுள்ள பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), குரோம் பம்பர், வலது கை ஸ்டியரிங். பழைய 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின் வெளியே வந்துவிட்டது. ஏற்றப்போவது ரோவர் எஸ்டி1 காரின் 3528 சிசி வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), எல்டி77 ஐந்து கியர் பெட்டியோடு. இன்ஜின் ஒரு ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்தது. கியர் பெட்டி வேறொரு மேனுவல் வண்டியுடையது.

இரண்டு பக்கச் சில்லும் (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு) துரு. வெளித்தகட்டில் ஸ்க்ரூடிரைவர் வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. இடது கதவு மூடும்போது பின் விளிம்பில் தட்டுகிறது.

கேட்க வேண்டியவை: சில் வேலையை முடித்துப் பெயின்ட் அடித்துவிட்டு இன்ஜினை இறக்கலாமா, இல்லை இன்ஜின் முதலிலா? எங்கெங்கே இடிக்கும்? பின் அச்சின் கியர் விகிதத்தை மாற்றியே ஆக வேண்டுமா? எஸ்டி1-இன் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரை அப்படியே வைத்தால் பானெட் மூடுமா?

வெல்டிங்மேசை

பெயின்ட் கடைசி. இன்ஜின் பொருத்திப் பார்ப்பது நடுவில். சில் முதல்.

எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, சில்தான் அதன் முதுகெலும்பு. வெளியே தெரிவது வெளிச்சில் மட்டும். அதற்குள் நிற்கும் நடுத்தகடு, அடியில் காஸில் செக்‌ஷன் என்று சொல்லும் மடிப்புத் தகடு, உட்பக்கம் உட்சில் எல்லாம் சேர்ந்துதான் பெட்டியாகி வலு தருகின்றன. வெளித்தகடு ஓட்டையானால் நடுத்தகடு அதற்கு முன்பே போயிருக்கும். பழைய சில்லின் மேல் புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டு வைத்த வண்டிகள் ஏராளம். உங்களுடையது அப்படியா என்று பாருங்கள். முன் விங்கின் கடைசி 15 செ.மீ. பகுதியையும் பின் குவார்ட்டரின் கீழ்ப்பகுதியையும் வெட்டித் திறக்காமல் சில்லின் இரண்டு நுனிகளும் தெரியாது. அந்த வெட்டுக்குத் தயங்குபவர்கள் சில்லைப் பாதி மாற்றிவிட்டு நிறுத்துகிறார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் துரு திரும்ப வந்துவிடும்.

கதவு பின் விளிம்பில் தட்டுகிறது என்றால் பாடி நடுவில் தொய்ந்திருக்கலாம். கீல் தேய்ந்தாலும் இதே குறி காட்டும். கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இல்லையென்றால் சில்தான்.

வண்டியை ஜாக்கி பாயின்ட்டில் தூக்கி வைத்து வெட்டக் கூடாது. முன்னால் கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்), பின்னால் ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங்கைப் பாடியோடு பிடிக்கும் தாங்கி), அதாவது சக்கரம் எடை தாங்கும் இடங்களிலேயே தாங்கல் கொடுத்து, ரசமட்டம் வைத்து நான்கு மூலையையும் சமன் செய்யுங்கள். கதவுத் திறப்பில் முன் தூணான ஏ-போஸ்ட்டிலிருந்து பின் தூணான பி-போஸ்ட்டுக்கு 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்கே வெல்டு வையுங்கள். ஜிடிக்குக் கூரை இருக்கிறதே, வளையாது என்று நம்பி இதை விடாதீர்கள். கூரை தாங்கும்தான், ஆனால் 3 மி.மீ. நகர்ந்தாலே கதவு இடுக்கு கெட்டுவிடும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகுதான் மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும்.

புதுச் சில்லைக் கிளாம்ப் போட்டு நிறுத்தியதும் கதவையும் முன் விங்கையும் மாட்டி இடுக்கைப் பாருங்கள். சுற்றிலும் 4 முதல் 5 மி.மீ. சீராக வர வேண்டும். வந்தால் கழற்றி வெல்டு, வராவிட்டால் திரும்பவும் கிளாம்ப். ஃபேக்டரி ஸ்பாட் வெல்டு இருந்த இடங்களில் 6 மி.மீ. துளையிட்டு மிக் கன்னால் நிரப்புங்கள், 25 முதல் 30 மி.மீ.க்கு ஒன்று. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் முகங்களில் துத்தநாக வெல்டு பிரைமர். பெயின்ட் முடிந்ததும் உள்ளே துருவைத் தடுக்கும் கேவிட்டி மெழுகு. பெயின்ட்டுக்கு முன் மெழுகு அடித்தால் அது கசிந்து பெயின்ட்டைக் கெடுக்கும்.

சில் முடிந்ததும் இரண்டு கண்ணையும் பின் ஸ்பிரிங்கின் முன் ஹேங்கரில் வையுங்கள். வி8-இன் இழுவை முழுவதும் அந்த இடத்தில்தான் பாடிக்குள் போகிறது. ஹீல்போர்டு (இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தகடு) மூலையில் துரு இருந்தால் அதை விட்டுவிட்டு இன்ஜினைப் பற்றிப் பேசுவதே தவறு.

எட்டுசிலிண்டர்

வெல்டிங்மேசை சொன்ன வரிசையே என் வரிசையும். இன்ஜினுக்குத் தேவையான எல்லா வெட்டும் வெல்டும் பெயின்ட்டுக்கு முன்பே முடிய வேண்டும். சில் முடிந்த பாடியில், உள்ளே ஒன்றும் இல்லாத பிளாக், இரண்டு ஹெட், முன் கவர், சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), பெல்ஹவுஸிங் (கிளட்ச்சை மூடும் கூடு), கியர் பெட்டிக் கூடு இவற்றை மட்டும் கோர்த்து இறக்கிப் பாருங்கள். அலுமினிய பிளாக் என்பதால் இரண்டு பேர் சமாளிக்கலாம். பலமுறை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் யோசனை இல்லை. கென் காஸ்டெல்லோ 1970களின் தொடக்கத்தில் இதே மாற்றத்தைச் செய்து விற்றார். பிறகு எம்ஜியின் ஏபிங்டன் ஃபேக்டரியே 1973 முதல் 1976 வரை ஜிடி வி8 என 2591 வண்டிகளைக் கட்டியது. இன்ஜின் அதே 3528 சிசி, 137 பி.எச்.பி. பி-சீரிஸின் இரும்பு பிளாக்கோடு ஒப்பிட்டால் முன்பக்க எடை கூடுவதில்லை.

குரோம் பம்பர் வண்டியில் இடிக்கும் இடங்கள்:

இன்ஜின் மவுண்ட். 1974 பிற்பகுதியில் வந்த ரப்பர் பம்பர் பாடியில் வி8-க்கான மவுண்ட் இடம் தயாராகவே இருக்கும். உங்களுடையதில் பழைய பிராக்கெட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். அதனால்தான் பிளாக்கை உள்ளே வைத்து இடம் பார்க்கச் சொல்கிறேன். இன்ஜினை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள். ஹெட்டின் பின் முனைகள் பல்க்ஹெட்டை, அதாவது இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டைத் தொடும். அங்கே தகட்டைக் கொஞ்சம் உள்ளே தட்ட வேண்டிவரும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஸ்டியரிங் தண்டும். வலது கை ஸ்டியரிங் வண்டியில் மிகவும் நெருக்கமான இடம் இதுதான். எளிய வழி, பின்னாளில் வந்த ஆர்வி8 மாடலின் பாணியில் உள் விங் வழியாக வெளியே போய் இறங்கும் மேனிஃபோல்டு. விங்கில் ஓட்டை போட்டு விளிம்பை மடித்து வலுவூட்ட வேண்டும். உள்ளேயே வளைந்து இறங்கும் வகையை எடுத்தால் ஸ்டியரிங் தண்டின் வளையும் மூட்டான யூஜேக்கும் குழாய்க்கும் 15 மி.மீ.யாவது விடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வி8 பக்கவாட்டில் முறுக்கும். நின்ற வண்டியில் 5 மி.மீ. போதும் போலத் தோன்றும், ஓட்டத்தில் தட்டும். இரண்டு யூஜே போடுகிறீர்கள் என்றால் நுகங்கள் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும், இல்லையெனில் ஸ்டியரிங் ஒரு சுற்றுக்குள் இலேசாகவும் கனமாகவும் மாறிமாறி வரும்.

ரேடியேட்டர். பழைய இடத்தில் இருந்தால் வாட்டர் பம்ப் மூக்கு முட்டும். முன்னால் நகர்த்துங்கள், இரண்டு எலக்ட்ரிக் ஃபேனை அதற்கும் முன்னால் வையுங்கள். குட்டை மூக்குப் பம்ப் கிடைத்தால் வாங்குங்கள்.

ஆயில் ஃபில்டர். எஸ்டி1-இல் அது தொங்கும் இடத்தில் உங்களுக்கு இடம் போதாது. ஹோஸ் போட்டு ஃபில்டரைத் தள்ளி வையுங்கள். சம்ப் எஸ்டி1-உடையதே நல்லது. ரேஞ்ச் ரோவர் சம்ப் ஆழம் அதிகம்.

கியர் பெட்டி உட்காரும் டனல் விஷயத்தில் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். 1967 இறுதியில் ஆட்டோமேட்டிக்குக்காக டனலை அகலமாக்கிவிட்டார்கள். எல்டி77-க்கு மேல்பக்கம் கொஞ்சம் தட்டுவதும் புதிய கிராஸ்மெம்பரும் போதும். புரொப்பெல்லர் தண்டின் நீளத்தைப் பின் அச்சில் வண்டியின் எடை இருக்கும்போது அளந்து கொடுங்கள். பாடி தூக்கிய நிலையில் அளந்தால் தப்பாகிவிடும்.

இன்ஜின் ஆட்டோமேட்டிக்கிலிருந்து வந்தது என்றீர்கள். கிராங்கின் பின் முனையில் ஸ்பிகாட் புஷ் இருக்கிறதா என்று இப்போதே விரல் விட்டுப் பாருங்கள். அது இல்லாமல் கியர் பெட்டியை மாட்டினால் உள்தண்டுக்கு முன்தாங்கல் கிடையாது. கிளட்ச் இழுக்கும், முன் பேரிங் சீக்கிரம் போகும். ஃப்ளைவீலும் அதன் போல்ட்டுகளும் மேனுவல் வண்டியுடையதாக வேண்டும். கியர் பெட்டி வெளியே இருக்கும்போதே கிளட்ச் ஃபோர்க்கையும் கவனியுங்கள். அது பந்து முனைமேல் ஆடும் குழியில் தகடு மெலிந்து, ஒருநாள் பந்து துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். பின்புறம் ஒரு சின்னத் தகட்டை வெல்டு வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. வண்டிக்குள் போன பிறகு இதே வேலைக்குக் கியர் பெட்டியை முழுக்க இறக்க வேண்டும்.

பின் அச்சு: மாற்றியே ஆக வேண்டும். உங்களுடையது 3.909. ஃபேக்டரி வி8-க்குப் போட்டது 3.07. 0.79 விகித ஐந்தாவது கியரும் 185/70ஆர்14 டயரும் என்று வைத்தால், மணிக்கு 70 மைலில் 3.909-க்குச் சுமார் 3050 ஆர்பிஎம், 3.07-க்குச் சுமார் 2400. அதைவிட முதல் கியர்தான் பிரச்சினை. 3.909-இல் வண்டி நகர்ந்த உடனேயே இரண்டாவது கேட்கும். பின் அச்சின் பற்சக்கரங்களான கிரவுன் வீலையும் பினியனையும் ஜோடியாகவே வாங்குங்கள். அவற்றைத் தாங்கும் டிஃப் கேரியர் அந்த விகிதத்துக்குப் பொருந்துமா என்று பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

கார்புரேட்டர்: எஸ்டி1-இன் இன்லெட் மேனிஃபோல்டோடு அப்படியே வைத்தால் பானெட் மூடாது. காஸ்டெல்லோ வண்டிகளின் பானெட்டில் இருந்த புடைப்புக்கும் இதுவே காரணம். ஃபேக்டரி, இரண்டு எஸ்யூவையும் இன்ஜினின் பின்பக்கம் கொண்டுபோய்த் தாழ்த்தி, புடைப்பு இல்லாமல் முடித்தது. இன்னொரு வழி, தாழ்வான ஆஃபன்ஹவுஸர் மேனிஃபோல்டில் எடெல்ப்ராக் 500 கார்புரேட்டர். எதுவானாலும் ஏர் ஃபில்டர் மூடியின் மேல் களிமண் உருண்டை வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய கனத்தை அளந்து பாருங்கள். 12 மி.மீ.க்குக் குறைந்தால் முடுக்கும்போது முட்டும். எடெல்ப்ராக் 5 முதல் 6 பிஎஸ்ஐ எதிர்பார்க்கும். பழைய எஸ்யூ பெட்ரோல் பம்ப் அந்த அளவுக்குத் தராது.

பிசீரிஸ்_ஓடி

மாற்றுக் கருத்து ஒன்று. இன்ஜின், கியர் பெட்டி என்று மட்டும் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். பி-சீரிஸின் டார்க் (முறுக்குவிசை) 110 அடி-பவுண்டு. ஃபேக்டரி வி8-இல் அது 193. பிரேக் டிஸ்க், காலிப்பர், சர்வோ, சக்கரம் எல்லாம் மாற வேண்டும். ஃபேக்டரி வி8-க்குத் தடித்த டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் கொடுத்தார்கள். கம்பிச் சக்கரத்தைத் தரவே இல்லை. உங்கள் வண்டியில் கம்பிச் சக்கரம் இருந்தால் அதன் ஹப் பற்கள் இந்த இழுவைக்குத் தேய்ந்துபோகும். போல்ட் வகை அச்சுக்கு மாற வேண்டும்.

சில், ஹேங்கர், பிரேக் இதற்கே பெரும் தொகை போகும். அது முடிந்தும் கையில் பணம் இருந்தால்தான் வி8. இல்லையென்றால் பி-சீரிஸை 1950 சிசிக்குத் துளைபெருக்கி, ஹெட்டைச் சீர்செய்து, ஓவர்டிரைவ் கியர் பெட்டி போட்டால் இந்த வண்டிக்கு நிறைவான ஓட்டம் கிடைக்கும். இன்ஜினுக்காக ஒரு தகடும் வெட்ட வேண்டியதில்லை.

பழையவண்டி72

எல்லோருக்கும் நன்றி. கீலில் ஆட்டம் இல்லை. ஆக சில்தான். ஸ்பிகாட் புஷ் இல்லை, துளை காலியாக இருக்கிறது. சக்கரம் போல்ட் வகைதான். பிரேக்குக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வி8-ஆகவே செய்யப்போகிறேன். இன்ஜினைத் திறந்ததில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் மடல்கள் சில வட்டமாகத் தேய்ந்திருக்கின்றன. அந்த மடல்மேல் உட்காரும் லிஃப்டரின் அடிப்பகுதி குழிந்திருக்கிறது. கேம் மட்டும் மாற்றினால் போதுமா? காகித விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?

எட்டுசிலிண்டர்

கேம் மட்டும் போதாது. 16 லிஃப்டரும் புதிதாக வேண்டும். பழைய லிஃப்டர் புதுக் கேமைச் சில நூறு மைலிலேயே தின்றுவிடும். டைமிங் செயினையும் பற்சக்கரங்களையும் சேர்த்து மாற்றுங்கள். ராக்கர் தண்டுகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், தேய்மானம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஹெட் கேஸ்கெட்: பழைய தகரக் கேஸ்கெட்டுக்குப் பதில் காம்போசிட் போட்டால் கனம் கூடும். கம்ப்ரஷன் சற்றுக் குறையும், லிஃப்டர் அழுத்தமும் மாறும். ஆகவே ராக்கர் பீடத்தின் அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) தேவையா என்று அளக்க வேண்டும். உங்கள் ஹெட்டுக்குப் பதினான்கு போல்ட். அவற்றில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்து வெளிவரிசை நான்கையும் மற்றவை அளவுக்கு இறுக்காதீர்கள். ஹெட் வெளிப்பக்கம் சாய்ந்து, இரண்டு ஹெட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் பக்கம் கேஸ்கெட் விட்டுவிடும். ஃபேக்டரியே 1990களில் அந்த வரிசையை நீக்கிப் பத்து போல்ட்டாக்கியது.

முதல் ஸ்டார்ட்டில்தான் நிறைய இன்ஜின் வீணாகிறது. முன் கவரில் உள்ள ஆயில் பம்ப் காய்ந்திருந்தால் தானாக ஆயிலை இழுக்காது. பம்பைத் திறந்து கியர் இடுக்குகளில் வாசலின் நிறைய அடைத்து மூடுங்கள். கிரீஸ் வேண்டாம், அது கரையாது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியே பம்ப் தண்டை டிரில்லால் வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். ராக்கரில் ஆயில் எட்டிப் பார்க்கும் வரை சுற்றுங்கள். சுற்றும் டிரில் திடீரென்று கனக்கும். பம்ப் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதீர்கள். உடனே 2000 முதல் 2500 ஆர்பிஎம், இருபது நிமிடம். ஐடிலில் கேமுக்குத் தெளிப்பு ஆயில் போதாது. அதற்கு முன்பே ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2 சரியா, டைமிங் சரியா, கூலன்ட்டில் காற்று இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதும் புதுக் கேமுக்குக் கெடுதல். ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்க்கை உள்ளதாக. முதல் ஆயிலை அந்த இருபது நிமிடத்துக்குப் பிறகே வடித்துவிடுங்கள். அப்புறம் 3000 மைலுக்கு ஒருமுறை.

வெல்டிங்மேசை

காகிதம்: புது இன்ஜின் எண்ணையும் கொள்ளளவையும் வண்டிப் பதிவுச் சான்றான வி5சி-யில் மாற்றி, வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்கு அனுப்புங்கள். பாடியில் வெட்டும் ஓட்டைகள், தட்டிய இடங்கள் பற்றி இப்போது நடப்பில் உள்ள விதியை வெட்டுமுன் அவர்களின் தளத்தில் படியுங்கள். 40 வயது கடந்த வண்டிக்கு எம்ஓடி (ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை) விலக்கு உண்டு. ஆனால் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது போய்விடலாம். சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் கேள்வி வரும். இதே மாடலில் ஃபேக்டரி வி8 இருந்தது என்பது உங்களுக்குச் சாதகமான வாதம், அதற்கான ஆதாரத்தைக் கோப்பில் வையுங்கள். விலக்கு இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை எம்ஓடி எடுப்பதே நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்ஜின் இறங்கும் முன்பே எழுதிச் சொல்லுங்கள்.

அடுத்ததாகப் படம் போடுங்கள்: வலது சில்லைத் திறந்ததும் நடுத்தகட்டின் இரு நுனியும் தெரிகிற மாதிரி. ஹேங்கர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தகட்டின் கனத்தைச் சொல்கிறேன்.