குத்துச்சண்டை வீரர் முகமது அலி எப்போது நிறுத்தியிருக்கணும்?

கேள்வி: 1980 அக்டோபர் 2, லாஸ் வேகாஸ். குத்துச்சண்டை சாம்பியன் லாரி ஹோம்ஸிடம் 38 வயது அலி 10 ரவுண்டு அடி வாங்கியதைப் பார்க்கவே மனசு வலிக்குது. ‘போதும்’னு எதை வைத்துச் சொல்வது?

பதில் 1: தோல்வியை வைத்து அல்ல. முதலில் கால் வேகம் போகும். குத்து வருவது தெரியும், தலை நகராது. கயிற்றில் சாய்ந்து வாங்குவார். ஜாப் (முன்கையால் நேராகக் குத்துவது) போட்ட கை தாடைக்குத் திரும்பாமல் இடுப்புக்கு இறங்கும். பழைய வீடியோவையும் இப்போதைய ஸ்பாரிங்கையும் (பயிற்சிச் சண்டை) அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்க. பேச்சு குழறினால் அன்றைக்கே நிறுத்தணும்.

பதில் 2: இளைத்த உடம்பை நம்பாதீங்க. ஹோம்ஸ் சண்டைக்கு முன் அலி தைராய்டு மாத்திரை சாப்பிட்டதில் எடை இறங்கியது, தெம்பும் போச்சு. 1977இல் ஷேவர்ஸ் சண்டைக்குப் பின் சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்தே அலியின் மருத்துவர் பச்சேக்கோ விலகிட்டார். என் கணக்கில் அதுதான் நாள்.

பதில் 3: 1978இல் ஸ்பிங்க்ஸிடமிருந்து பட்டத்தை மீட்ட இரவாவது நிறுத்தியிருக்கலாம். 1981இல் பெர்பிக்கிடமும் தோற்ற பிறகே நின்றார்.