யாழினியின் ஒரு மார்க்கும் ‘ரன்’ என்ற சொல்லும்

யாழினி: பெரியப்பா, ஆங்கிலத் தேர்வில் ‘ஐ ஹேவ் ரேன்’ என்று எழுதினேன், மிஸ் சிவப்பில் சுழித்துவிட்டார்கள். நடந்து முடிந்தது என்றால் ரேன்தானே?

பெரியப்பா: நேற்று ஓடினேன் என்றால் ரேன் சரிதான். முன்னால் ஹேவ் வந்துவிட்டால் மறுபடி ரன். கம், கேம், கம் மாதிரி ரன், ரேன், ரன்.

யாழினி: அப்புறம் ‘ஷி ரன்ஸ் எ ஹோட்டல்’ என்று இருந்தது. ஹோட்டலுக்கு ஓடுகிறாள் என்று எழுதினேன், அதுவும் தப்பு 😢

அத்தை: அழாதே செல்லம், ஹோட்டல் நடத்துகிறாள் என்று அர்த்தம். நாமும் ‘கடை எப்படி ஓடுகிறது’ என்றுதானே கேட்கிறோம்?

பெரியப்பா: ஆமாம். யாழினி, நிதானமாகப் படி. தமிழில் மாடு தானாகப் போனால் ஓடுகிறது, நாம் போக வைத்தால் ஓட்டுகிறோம். பழைய ஆங்கிலத்திலும் இப்படித் தனித்தனி வினைகள் இருந்தன, போகப்போக அவை கலந்து ரன் என்று ஒரே சொல்லாகிவிட்டன, அதனால்தான் நீ குழம்பினாய். ரன்னுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார். ஹோட்டலுக்கு ஓடுகிறாள் என்றால் நடுவில் ‘டு’ இருந்திருக்கும்.

சித்தப்பா: மூக்கு ஒழுகினாலும் ரன். அரிசி தீர்ந்தால் ரன் அவுட், கிரிக்கெட்டில் ரன் அவுட் வேறு.

பெரியப்பா: தேர்தலையும் சேர்த்துக்கொள். அமெரிக்காவில் ‘ரன்’, இங்கிலாந்தில் நம்மைப் போலவே நிற்பார்கள், ‘ஸ்டாண்ட்’. ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் முதலிடம், 430 அர்த்தம். திருத்திய பதிப்புக்காக பீட்டர் கில்லிவர் என்பவர் 9 மாதம் உட்கார்ந்து ரன்னை எழுதினார், வினைச்சொல்லாக மட்டுமே 645!

அம்மா: மாமா, எங்கள் தையலிலும் இருக்கிறது. பிளவுஸ் கையை மடித்து, மிஷினில் வைப்பதற்கு முன்னால் ஊசியை மேலும் கீழுமாக விட்டு நீளமாக ஒரு தையல் ஓட்டுவோம், அதுதான் ரன்னிங் ஸ்டிட்ச்.

பெரியப்பா: பார்த்தாயா, அங்கேயும் ‘ஓட்டு’ வந்துவிட்டது! இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இது தோன்றவே இல்லையே அம்மா.

யாழினி: திருத்தம் எழுதிவிட்டேன். ‘மை மதர் ரன்ஸ் எ டெய்லரிங் ஷாப்.’ சரியா பெரியப்பா?

பெரியப்பா: முழு மார்க்.

அம்மா: நோட்டை போட்டோ எடுத்து அனுப்பு கண்ணு, கடையில் எல்லோருக்கும் காட்ட வேண்டும்.