கதவில்லாத மேடையில் ஃபெய்தோ நாடகம் போடலாமா?

தேயிலைத்தூறு:
பொங்கலுக்கு எங்கள் தோட்டத்துப் பையன்கள் சேர்ந்து ஒரு சிரிப்பு நாடகம் போடுகிறோம். மாசியில் காமன் கூத்து ஆடுகிற ஆட்கள்தான், நடிப்புக்குக் குறையில்லை. பிரெஞ்சு நாடகாசிரியர் ஜோர்ஜ் ஃபெய்தோ எழுதிய ‘காதில் தெள்ளுப்பூச்சி’யைத் தமிழாக்கலாம் என்று ஒருத்தன் சொல்கிறான். எங்கள் மேடையில் இரண்டு பக்கமும் சீலைதான், கதவே கிடையாது. சரிவருமா?

பழைய கூத்தாடி:
தம்பி, அந்த ஆளுக்குக் கதவுதான் மூலதனமே. யார் யாரைப் பார்க்கக் கூடாதோ அவர்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து முட்ட விடுவார். நீங்கள் சொல்லும் 1907 நாடகத்தில், புருஷனின் காற்சட்டைத் தோள்வார் ஒரு மாதிரியான ஹோட்டலில் இருந்து தபாலில் வர, மனைவிக்குச் சந்தேகம் தட்டி, சிநேகிதியைக் கொண்டு பொய்க் காதல் கடிதம் எழுத வைக்கிறாள், அந்தக் கையெழுத்தைச் சிநேகிதியின் புருஷன் பார்த்துவிடுகிறான், அவனோ மகா சந்தேகப் பிராணி. அப்புறம் எல்லாரும் அதே ஹோட்டலில். பொத்தானை அமுக்கினால் கட்டில் சுவரோடு சுழன்று போய், அந்தப் பக்கத்தில் இருந்து வாதம் பிடித்த கிழவர் படுத்தபடியே வருவார். போதாததற்கு, புருஷனுக்கும் ஹோட்டல் எடுபிடிக்கும் ஒரே முகம், ஒரே நடிகர்தான் ஓடி ஓடி உடுப்பு மாற்ற வேண்டும். சீலையை விலக்கிக்கொண்டு வந்தால் கதவு படாரென்று சாத்துகிற சிரிப்பு வராது.

பண்டாரவளை வாசகி:
அண்ணே சொல்வது சரிதான், ஆனால் ஒரே அறையில் முடிகிற சின்ன நாடகமும் இருக்கிறதே, 1910இல் வந்த ‘குழந்தைக்குப் பேதி’. பீங்கான் வியாபாரி ஒருவர் ஆமிக்கு மூத்திரச் சட்டி விற்கப் பார்க்கிறார். உடையவே உடையாது என்று பெரிய மனிதர் முன்னால் எறிந்து காட்டுகிறார், சுக்குநூறு! மகன் பேதி மருந்து குடிக்க மாட்டேன் என்று அடம், மனைவி வாராத தலையும் கையில் அழுக்குத் தண்ணீர் வாளியுமாக வந்து நிற்கிறாள், கடைசியில் ‘நீங்கள் கொஞ்சம் குடித்துக் காட்டுங்கள்’ என்று விருந்தாளியையே கேட்கிறார்கள். பள்ளி லீவில் விளக்கெண்ணெய்க்குப் பயந்து லயத்துக் கோடியில் ஒளிந்த நமக்கு இதை விளக்கவா வேண்டும்?

அந்த வருஷங்களில் ஃபெய்தோ எழுதியது பெரும்பாலும் புருஷன் பெண்டாட்டி சண்டைதான். சொந்த வீட்டிலும் அதே கதை, 1909இல் கிளம்பிப் போய் பாரிஸில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் வருஷக்கணக்கில் தங்கிவிட்டார். பாவம், மேகநோய் முற்றிப் புத்தி பேதலித்து 1921இல் செத்தார்.

தேயிலைத்தூறு:
அக்கா, பேதியே போடுகிறோம்! பீங்கானுக்கு எங்கே போவது, மண்சட்டி போதுமா?

பழைய கூத்தாடி:
போதும். ஒத்திகைக்குத் தகர டப்பா, பொங்கலன்றைக்கு மட்டும் சட்டி. அம்மாமார் வாங்கி வைத்த பொங்கல் பானையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.