பழைய டிரஸ் பாலங்கள்: பார்த்ததும் கவனித்ததும் (நால்வர் புனைபெயரில் பேசிக்கொண்டது)

பின்மூட்டு:
ஊர்ச் சாலையில் பழைய டிரஸ் பாலம், அதாவது சட்டங்களை முக்கோணங்களாகக் கோத்த இரும்புப் பாலம், கண்ணில் பட்டால் முதலில் சாய்சட்டங்களைப் பாருங்கள். அவை நடுப்பகுதியை நோக்கிக் கீழிறங்கினால் பிராட் வகை. 1844இல் கேலப் பிராட், தாமஸ் பிராட் என்ற அப்பாவும் மகனும் காப்புரிமை வாங்கியது. நீளமான சட்டத்தை அமுக்கினால் வளைந்துவிடும். அதனால் நீளமான சாய்சட்டத்தை இழுவிசைக்கும், குட்டையான நேர்சட்டத்தை அமுக்கத்துக்கும் விட்டார்கள்; இரும்பு மிச்சமானது. சாய்சட்டம் வெறும் பட்டையாக இருக்க, நேர்சட்டம் மட்டும் இரண்டு சேனல்களை (ப வடிவ இரும்புகளை) கோத்துத் தடித்து நிற்பது இதனால்தான். முக்கோணம் முக்கோணமாக ஓடினால் வாரன் வகை, 1848.

பாலத்தின் வயதை மூட்டு சொல்லும். அமெரிக்கக் கிராமப்புறங்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனிகள் கேட்டலாக் போட்டுப் பாலம் விற்றன. உறுப்புகள் தொழிற்சாலையில் தயாராகி ரயிலில் வரும். ஆற்றில் மரச்சாரம் கட்டி, கண்பட்டைகளை (முனையில் துளையுள்ள இரும்புப் பட்டைகளை) வரிசையாக வைத்துத் துளைகளில் பின்னை, அதாவது தடித்த உருளை ஆணியை, செருகினால் வேலை முடிந்தது. ரிவெட் என்பது அடித்துத் தலை உருவாக்கி இறுக்கும் ஆணி; எடுத்துச் செல்லக்கூடிய காற்றழுத்த ரிவெட் கருவி பரவிய பிறகுதான் களத்திலேயே ரிவெட் அடிப்பது சுலபமாகி, பின் மூட்டு ஒழிந்தது.

கசெட்:
கணக்கையும் ஒருமுறை போட்டுவிடலாம். 30 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், தலா 5 மீட்டரில் 6 பேனல் (மூட்டுக்கு மூட்டு உள்ள பகுதி). ஒரு டிரஸுக்கு மீட்டருக்கு 1 டன் சுமை. நடுவில் வளைவுத் திருப்புத்திறன் (பாலத்தை வளைக்கப் பார்க்கும் அளவு) 1×30×30÷8, அதாவது 112.5 டன்-மீட்டர். உயரத்தால் வகுத்தால் நடுப்பகுதி மேல் சட்டத்தில் சுமார் 28 டன் அமுக்கம். உயரத்தை 3 மீட்டராகக் குறைத்தால் 37.5 டன். முனைச் சாய்தூணில் சுமார் 20 டன் வரும்.

இந்தக் கணக்கு சுமை மூட்டில் மட்டும் இறங்கினால்தான் செல்லும். பேனலின் நடுவில், கீழ்ப் பட்டையில் குடிநீர்க் குழாயைத் தொங்கவிட்டிருப்பார்கள். இழுபட மட்டும் செய்த பட்டை அங்கே வளையவும் ஆரம்பிக்கும். தார் விஷயம் இன்னும் மோசம்: 4 மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. தார் போட்டால் இந்தப் பாலத்தின் மேல் ஏறக்குறைய 14 டன் நிரந்தரமாக ஏறிவிடுகிறது. பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதுதான் வழக்கம்!

ரோலர்:
கெடுவது பெரும்பாலும் அழுக்கு சேரும் இடத்தில். 30 மீட்டர் எஃகு 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்குச் சுமார் 14 மி.மீ. நீளும். ஒரு முனையில் ரோலர் வைப்பது அதற்காகத்தான். மண்ணும் துருவும் அடைத்து ரோலர் இறுகிவிட்டால் அந்த நீட்சி பாலத்தைத் தாங்கும் கரைச் சுவரைத் தள்ளும். பேரிங் இருக்கையில் (பாலத்தின் முனை உட்காரும் இடத்தில்) விரிசல் விழும்.

அடுத்தது தகடுகளுக்கு இடையே வளரும் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் தகடுகளைப் பிளந்து ரிவெட் தலையையே தெறிக்க வைக்கும். சந்தேகமான ரிவெட்டின் ஒரு தலையில் விரலை வைத்து மறு தலையைச் சுத்தியால் தட்டுங்கள். விரலுக்கடியில் அசைந்தால் தளர்ந்துவிட்டது. தலையைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை வழிந்திருப்பதும் அதே அறிகுறி. மாற்றும்போது ஒரு ரிவெட்டை எடுத்து, அந்தத் துளையில் உயர்வலு போல்ட்டை இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

கண்பட்டை:
பின் மூட்டில் பயம் வேறு. அமெரிக்காவின் சில்வர் பிரிட்ஜ் 1967 டிசம்பர் 15 அன்று விழுந்து 46 பேர் இறந்தார்கள். அது டிரஸ் பாலம் அல்ல, கண்பட்டைச் சங்கிலியில் தொங்கிய பாலம். ஆனால் பாடம் இங்கேயும் பொருந்தும். ஒரு கண்ணில் இருந்த சுமார் 2.5 மி.மீ. ஆழ விரிசல்தான் தொடக்கம். இணைப்புக்கு இரண்டே பட்டைகள். ஒன்று போனதும் மற்றது தாங்கவில்லை. கிராமத்து டிரஸ்களிலும் பல கீழ்ச் சட்டங்கள் இரட்டைப் பட்டைதான். பின்னைச் சுற்றியுள்ள கண்ணின் உள்விளிம்பு வெளியே தெரியாது, பெயிண்ட் அடித்துவிட்டுப் போனால் போதாது.

பின்மூட்டு:
நடுப் பேனல்களில் குறுக்காகப் போகும் மெல்லிய கம்பியை யாரும் சொல்லவில்லையே? லாரி பாலத்தின் ஒரு பாதியில் நிற்கும்போது அங்கே விசை திசை மாறும். அப்போது அதுதான் வேலை செய்யும். கையால் ஆட்டினால் கடகடக்கக் கூடாது. அதற்காக டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு இணைப்பை) முறுக்கித் தள்ளினால் முதன்மைச் சாய்சட்டத்துக்கும் கூடுதல் இழுவிசை போகும். தொய்வு நீங்கும் வரை போதும்.

ரோலர்:
அந்தக் கம்பியையே பற்றவைத்து “சரிசெய்த” பாலங்களும் உண்டு. பழைய பாலம் தேனிரும்பாக இருந்தால் உள்ளே கசடு இழைகள் படலம் படலமாக இருக்கும், வெல்டிங் சூட்டில் உரிந்துவிடும். இழுவிசைப் பட்டையில் வெல்டிங் வேண்டாம். போல்ட் போட்ட கூடுதல் கம்பிகளால் சுமையைப் பகிர்ந்துகொள்வது மேல்.