வாங்காத கேரக்டரை எதிர்த்து எப்படிப் பழகுவது? (ஸ்மாஷ் அல்டிமேட்)

கேள்வி – ஆமைநடை:
நின்டெண்டோ ஸ்விட்சில் ஆடும் சண்டை கேமான ஸ்மாஷ் அல்டிமேட்டில் நான் ஆடும் கேரக்டர் கேனன்டார்ஃப். நடை மெதுவு, ஆனால் ஓர் அடி விழுந்தால் போதும். எதிரே மின் மின் (தனியாகக் காசுக்கு விற்கும் கேரக்டர்) வந்தால் மட்டும் அந்த ஓர் அடியும் விழுவதில்லை. நான் பாதி தூரம் போவதற்குள் அவள் கை நீண்டு வந்து முகத்தில் இறங்கிவிடுகிறது. நேற்று ஆன்லைனில் வரிசையாக ஆறு தோல்வி. சரி, உட்கார்ந்து பழகலாம் என்று டிரெயினிங் மோடுக்குப் போனால் எதிராளிப் பட்டியலில் அவளே இல்லை. நான் வாங்கவில்லையே! அடி வாங்குவது மட்டும் இலவசம். இப்படிப்பட்ட கேரக்டர்களை மொத்தமாக விற்கும் இரண்டு ஃபைட்டர்ஸ் பாஸும் சேர்த்தால் 55 டாலர், கேமே 60 டாலர்தான். வாங்காமல் சமாளித்தவர்கள் யாராவது உண்டா?

பதில் – மூன்றாம் பிளேயர்:
மின் மின் மட்டும் வேண்டுமென்றால் தனியாக 6 டாலர்தான். அதுவும் வேண்டாமா? அவளை வைத்திருக்கும் நண்பரிடம் ஓர் அரீனா (ஆன்லைனில் சேர்ந்து ஆடும் அறை) திறக்கச் சொல்லுங்கள். வாங்கியவர் தேர்ந்தெடுத்தால் போதும், நீங்கள் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அடி வாங்கலாம்.

பதில் – பழைய டிஸ்க்:
வேடிக்கை என்னவென்றால், அவள் ஏற்கெனவே உங்கள் ஸ்விட்சில்தான் இருக்கிறாள். அப்டேட்டோடு எல்லோருக்கும் வந்துவிடுகிறாள், இல்லாவிட்டால் உங்கள் திரையில் எப்படித் தெரிவாள்? 2012 மார்ச்சில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் என்ற சண்டை கேம் வந்தபோது இதே கதைதான் பெரிய சண்டையானது. காசுக்கு விற்கவிருந்த 12 கேரக்டர்கள் டிஸ்கிலேயே பூட்டிக் கிடந்ததை ஆட்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். வாங்கியவரும் வாங்காதவரும் சேர்ந்து ஆட வசதி என்பது அந்த கேமை வெளியிட்ட காப்காம் தரப்பு விளக்கம். காரணம் பொய்யில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கில் பூட்டைப் பார்த்தவனுக்கு அந்த விளக்கம் எப்படி இறங்கும்?

பதில் – கவுன்ட்டர்பிக்:
நடுவில் ஒரு கேள்வி: விற்கும் கேரக்டரை வேண்டுமென்றே பலமாக வைக்கிறார்களா? முந்தைய ஸ்மாஷில் பேயோனெட்டா காசுக்கு வந்தவள். 2018 ஈவோ (சண்டை கேம்களுக்கான பெரிய போட்டி) இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் அவளே நின்றாள், கூட்டம் கூச்சலிட்டது. இப்போது அதேபோல் காசுக்கு வந்த மைன்கிராஃப்ட் ஸ்டீவை சில போட்டிகளில் தடையே செய்துவிட்டார்கள்.

பதில் – பழைய டிஸ்க்:
பிரானா பிளாண்டும் தனியாகக் காசுக்கு விற்ற கேரக்டர்தான். அதை எடுத்து ஜெயிப்பவரை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

ஆமைநடை:
பிளாண்டிடமும் நான் தோற்றிருக்கிறேன், அதை விடுங்கள். சித்தி பையனிடம் இரண்டு பாஸும் இருக்கின்றன. சனிக்கிழமை ஸ்விட்சோடு வரச் சொல்லியிருக்கிறேன். கைமாறாக பிரியாணி கேட்கிறான். 6 டாலரைவிட அதுதான் செலவு போலிருக்கிறது.